கல்லும் மண்ணுந்தான்

திருச்செங்கோட்டுக்கு மேற்கே ஏழாவது கிலோமீட்டரில் இறங்கி ராசப்பன் வீடு எது என்று கேட்டால், எந்த ராசப்பன் என்று திருப்பிக் கேட்பார்கள். ரிக் ராசப்பன் என்று சொல்லிவிட்டால் போதும், கூடவே நடந்து வந்து வாசலில் விட்டுவிட்டுப் போவார்கள். முப்பத்தோரு வருஷம் போர்வெல் வண்டியோடு வடக்கே போய் வந்த மனிதர். முதலில் துளைக்குள் இறக்கும் இரும்பு ராடு மாட்டும் வேலை, அப்புறம் டிரில்லர், கடைசிப் பன்னிரண்டு வருஷம் சகலையோடு கூட்டுச் சேர்ந்து சொந்த வண்டி. ராய்ச்சூர், நாந்தேடு, ராய்ப்பூர், ஜகதல்பூர் என்று அவர் துளை போடாத சீமை இல்லை. துளைக்கும் பிட்டு இறங்கும் சத்தத்தை வைத்தே கீழே என்ன கல் என்று சொல்லிவிடுவார். மேலே வரும் கல்பொடியை ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்தார் என்றால், தண்ணீருக்கு இன்னும் எத்தனை ராடு இறங்க வேண்டும் என்பதும் வந்துவிடும். தன் நாக்கின் மேல் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

வருஷத்தில் பத்து மாசம் அவர் அங்கே, மழைக்காலத்து இரண்டு மாசம் இங்கே. வண்டி கிளம்புகிற அன்று சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துச் சூடம் காட்டுவது அவர் மனைவி ஆத்தாயியின் வேலை. வண்டி திரும்பிய அன்று சோற்றைப் போட்டுக்கொண்டே அவள் கேட்பாள்:

"அந்தூரெல்லாம் எப்படீங்க இருக்குது?"

"என்ன இருக்குது, கல்லும் மண்ணுந்தான்" என்பார் ராசப்பன். சொல்லிவிட்டுக் குழம்பை ஊற்றச் சொல்வார்.

கேட்ட போதெல்லாம் அவர் சொன்னது இந்த ஒரே பதில்தான். கடைசிச் சில வருஷங்களில் ஆத்தாயி கேட்பதை நிறுத்திவிட்டாள். அவள் நிறுத்தியதை அவர் கவனிக்கவும் இல்லை.

இப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு, வண்டியை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கும் அறுபத்திரண்டு வயதில், பொறாமை வந்து சேர்ந்தது. அதுவும் யார் மேல்? கட்டிய பெண்டாட்டி மேல்.

ஒரே மகள் மதுமதி சிட்னியில் இருக்கிறாள். அவளுக்குப் பிரசவம் என்று பெற்றவர்கள் இருவரையும் கூப்பிட்டாள். "மாட்டை ஆரு பாக்கறது?" என்று ராசப்பன் மறுத்துவிட்டார். மாடு ஒரு சாக்கு. பூமிக்குள் ஆயிரம் அடி என்றால் யோசிக்காமல் இறக்குகிற மனிதருக்கு, ஆகாயத்தில் பறப்பதென்றால் பயம். ஆத்தாயி தன் பெட்டியை மட்டும் கட்டினாள். கோயமுத்தூரில் தனியாக விமானம் ஏறி, சிங்கப்பூரில் இறங்கி மாறி, ஒரு சூட்கேஸோடும் இரண்டு கிலோ சத்துமாவோடும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

முதல் இரண்டு மாசம் போனில் குழந்தையைக் காட்டினாள். அப்புறம் ஒருநாள், மலைக்குப் போய்விட்டு வந்தேன் என்றாள். அடுத்த மாசமும் அதே மலை. அதற்கடுத்த மாசமும்.

"அப்படி என்னத்தப் பாத்த அங்க?" என்று கேட்டார் ராசப்பன்.

"என்னத்தங்க, கல்லும் மண்ணுந்தான்" என்றாள் ஆத்தாயி. குழந்தை அழுகிறது என்று போனை வைத்துவிட்டாள்.

அவருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அது தன்னுடைய வசனம்தான் என்று உறைக்கவில்லை. அந்த வாரமே சகலை வீட்டுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. ஆத்தாயியின் தங்கை மஞ்சுளா காபி கொடுத்துக்கொண்டே, "அக்கா அந்த மலையப் பத்திப் போனுல பேசி அனுப்பியிருந்தாங்க மாமா, கண்ணுல பாத்தாப்பல இருந்துச்சு" என்றாள். மலை நீலமாகத் தெரியுமாம். மூன்று கல் தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்குமாம். பள்ளத்தாக்கு முழுக்க மரமாம், அதற்கு மேலே வெள்ளைக் கிளிகள் கத்திக்கொண்டு போகுமாம். "சந்திரசேகர் சாருன்னு ஒருத்தர் நம்ம ஆத்தூர்க்காரராமா. அவருதான் கூட்டிட்டுப் போயி எல்லாஞ் சொல்லித் தாராராமா" என்று கடைசியாகச் சொன்னாள்.

தங்கைக்குக் கிளி வரைக்கும் சொல்லியிருக்கிறாள், புருஷனுக்குக் கல்லும் மண்ணும். ராசப்பனுக்கு வயிறு எரிந்தது. ஆத்தூர்க்காரன் என்பது இன்னும் காந்தியது. வெள்ளைக்காரனாக இருந்தால்கூடப் போகிறான் என்று விட்டிருப்பார். இங்கேயிருந்து பஸ் ஏறினால் இரண்டரை மணி நேரத்து ஊர்க்காரன், கடல் தாண்டிப் போய் இவர் பெண்டாட்டிக்கு மலை காட்டுகிறான். மறுநாளே மாடுகளைச் சகலையின் கொட்டாயில் கட்டிவிட்டு, விசாவுக்கு எழுதிப் போடச் சொல்லி மகளுக்குப் போன் செய்தார். பறக்கிற பயம் போன இடம் தெரியவில்லை.

விமானத்தை விட்டு இறங்கி வெளியே வந்தபோது அவர் முதலில் பார்த்தது ஆத்தாயியின் கால்களை. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ. ஊரில் ரப்பர் செருப்பைத் தவிர வேறு அறியாத கால்.

"ஏனுங்க, எளச்சுட்டீங்க" என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். ஆனால் அவள் மட்டும் இளைக்கவில்லை, நிறமும் கூடியிருந்தாள் என்பதை அவர் மனது குறித்துக்கொண்டது.

இரண்டாம் நாளே மதுமதி பேச்சை எடுத்தாள். திரும்பிப் போக இருவருக்கும் மூன்று வாரத்தில் ஒரே தேதியில் டிக்கெட் இருந்தது. "அம்மா இன்னும் ஆறு மாசம் இருந்துட்டு வரட்டுங்கப்பா. எனக்கு லீவு முடியுது" என்றாள்.

"ரெண்டு பேரும் ஒட்டுக்காப் போறதுன்னுதான அம்மிணி பேச்சு?"

"அம்மாவைக் கேளுங்கப்பா. அம்மா சரின்னா சரி."

ஆத்தாயி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே, "சனிக்கெழம மலைக்குப் போறமுங்க. நீங்களும் வாங்க. போயிட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

கட்டியவள் கூட வருவாளா மாட்டாளா என்பது ஒரு மலை முடிவு பண்ண வேண்டிய காரியமாகிவிட்டது. ராசப்பனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆறு மாசம் தனியாக இருந்து பார்த்துவிட்டார் அல்லவா. காலையில் தனக்குத் தானே காபி போட்டு, தானே குடித்து, டம்ளரைத் தானே கழுவிய ஆறு மாசம். இன்னொரு ஆறு மாசத்துக்கு அவரால் ஆகாது. அதை வாய்விட்டுச் சொல்லவும் ஆகாது.

சனிக்கிழமை காலை ஸ்டேஷனில் சந்திரசேகர் நின்றிருந்தார். தபால் ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர், மனைவி போய்ச் சேர்ந்து நாலு வருஷம், மதுமதியின் அடுக்குமாடியிலேயே மகனோடு இருக்கிறார். ஒல்லியாக, உயரமாக, தலையில் தொப்பி, கையில் சின்ன நோட்டு. ராசப்பன் அவரிடம் ஒரு குற்றம் கண்டுபிடிக்கப் பார்த்தார். கும்பிட்டதில்கூட ஒரு பணிவு இருந்து தொலைத்தது.

"வாங்க சார், வாங்க. உங்களைப் பாக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுகிட்டு இருந்தேன்."

ரயிலில் ஏறியதும் ஆத்தாயி ஒரு வேலை செய்தாள். எதிர்ப்பக்கம் பார்த்திருந்த சீட்டின் முதுகை ஒரு கையால் பிடித்துத் தள்ளினாள். சீட்டு திசை மாறி வண்டி போகிற பக்கம் திரும்பிக்கொண்டது. "உக்காருங்க" என்றாள். ராசப்பன் உட்கார்ந்தார். இருபது டன் வண்டியைச் சேற்றில் இருந்து எடுத்த கைக்கு அந்தச் சீட்டு திரும்பும் என்பது தெரியாது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

வண்டி சமவெளியை விட்டு மேலே ஏறத் தொடங்கியதும் சந்திரசேகர் திரும்பி, "நீங்க ஊர்ல என்ன தொழில்ங்க சார் பண்ணீங்க?" என்று கேட்டார்.

ராசப்பன் மனைவியைப் பார்த்தார். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன், இவ சொல்லலீங்களா?"

"கேட்டேன் சார். வேலை வேலைன்னு வெளியூர் போனவருன்னு சொன்னாங்க. அதுக்கு மேல சொல்லலை."

ஆறு மாசப் பழக்கத்தில் புருஷனைப் பற்றி ஒரே ஒரு வரி! மனிதர் உள்ளுக்குள் கொதித்தார். இந்த ஆள் அவளோடு சிரித்துப் பேசினான் என்றிருந்தால் சண்டையாவது போடலாம். தன்னைப் பற்றி அவளிடம் பேச்சே இல்லை என்றால் யாரோடு போய்ச் சண்டை போடுவது?

கட்டூம்பா என்கிற மலை ஊரில் இறங்கினார்கள். குளிர் காதைப் பிடித்தது. டீக்கடை மாதிரி ஒன்றில் சந்திரசேகர் மூன்று காபி சொன்னார். "அம்மாவுக்குச் சக்கரை இல்லாம" என்று கூடுதலாகச் சொன்னார்.

"நீ எப்ப இருந்து சக்கரை போடறதில்ல?" என்று ராசப்பன் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"பதினாலு வருசமாச்சுங்க."

காபி கசந்தது. அவருடையதில் சர்க்கரை இரண்டு பொட்டலம் இருந்தது, ஆனாலும் கசந்தது.

பத்து நிமிஷம் பஸ், அப்புறம் கொஞ்சம் நடை. வேலிக்கம்பி வந்ததும் பூமி முடிந்துபோனது. கீழே கிடுகிடு பள்ளம். அதற்கு அப்பால் மலைக்குப் பின் மலை, எல்லாம் காடு, எல்லாவற்றின் மேலும் ஒரு நீலப் புகை. இடது பக்கம் மஞ்சுளா சொன்ன அந்த மூன்று கல் தூண்கள். ஆத்தாயி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் அப்படி விரிந்து ராசப்பன் பார்த்ததில்லை. கலியாணத்தன்று பார்த்திருக்கலாம், அன்று அவர் சரியாகக் கவனிக்கவில்லை.

"இந்த நீலம் எதுனாலன்னு சொல்றாங்கன்னா, கீழ இருக்கறது பூரா யூகலிப்டஸ் சார். அந்த எண்ணெய் காத்துல கலந்து நிக்குதாம்" என்றார் சந்திரசேகர்.

"தைலமரமா?" என்றார் ராசப்பன். "நம்மூர்ல அத வச்சா நாங்க அந்தப் பக்கமே போர் போட மாட்டமுங்க. இருக்கற தண்ணியெல்லாம் குடிச்சுப்போடும்."

யாரும் சிரிக்கவில்லை. ஆத்தாயி திரும்பக்கூட இல்லை.

பாறையை ஒட்டிப் படி இறங்கி ஒரு நடைபாதை போயிற்று. அதில் நடந்துகொண்டே சந்திரசேகர் பாறையைத் தட்டிக் காட்டினார். "இது மணற்கல். ஒரு காலத்துல ஆறு கொண்டாந்து கொட்டுன மணல்தான் இறுகி இறுகி இப்படி ஆயிருக்கு." ஆத்தாயி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

ராசப்பனால் தாங்க முடியவில்லை. எதை விட்டுக்கொடுத்தாலும் கல்லை விட்டுக்கொடுக்க முடியுமா? தபாலில் முத்திரை குத்திய ஆள், கல்லைப் பற்றிப் பாடம் சொல்கிறார், அதை இவர் பெண்டாட்டி வாயைப் பிளந்து கேட்கிறாள்.

கொஞ்ச தூரத்தில் பாறை ஈரமாக இருந்தது. இடுப்புயரத்தில் நேர்கோடு போட்டதுபோல ஒரு வரிசைக்குப் பாசியும் சின்னச் செடிகளும் தொங்கின. அங்கே மட்டும் தண்ணீர் சொட்டியது.

"நேத்து மழை பெஞ்சிருக்கும்" என்றார் சந்திரசேகர்.

"நேத்துப் பெஞ்ச மழைத்தண்ணி இல்லீங்க அது." ராசப்பன் முன்னால் வந்தார். விரலை அந்த ஈரத்தில் தேய்த்தார், ஒட்டிய மணலோடு நாக்கில் வைத்தார். எதிரே குழந்தையோடு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண், மலையைத் தொட்டு நக்கும் மனிதரைப் பார்த்துக் குழந்தையை அந்தப் பக்கமாக இழுத்துக்கொண்டு போனாள். ராசப்பன் அதையெல்லாம் கண்டுகொள்ளவில்லை. கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார்.

"இது நெம்ப நாளா உள்ள நின்ன தண்ணி. இரும்பு கலந்திருக்குது. மேல இருக்கற மணல்கல்லு மழையெல்லாங் குடிச்சு வச்சுக்கும். இங்க பாருங்க, இந்தச் சாம்பக் கலரு பட்ட. இது களிக்கல்லு, தண்ணிய உடாது. கீழ போக முடியாத தண்ணி பக்கவாட்டுல வாரதுதான் இது. இந்தப் பட்டையப் புடிச்சுட்டே போங்க, மலையச் சுத்தி எங்கெங்க செடி தொங்குதோ அங்கெல்லாம் தண்ணி இருக்கும். மழையே இல்லாட்டியும் மாசக்கணக்குல சொட்டும்."

சந்திரசேகர் வாயைத் திறந்தபடி நின்றார். "அட! இத்தனை தடவை வந்திருக்கேன், இதை யாருமே எனக்குச் சொன்னதில்லையே சார். அந்தப் பட்டை என்ன சொன்னீங்க?" என்று நோட்டைப் பிரித்து எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் முகத்தில் சந்தோஷம் தவிர வேறொன்றும் இல்லை. போட்டியில் ஜெயித்துவிட்டோம் என்று நிமிர்ந்த ராசப்பனுக்குச் சப்பென்று போனது, அந்த மனுஷன் போட்டிக்கே வரவில்லை.

சரி, அவளாவது பார்த்தாளா என்று திரும்பினார். ஆத்தாயி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் பெருமை இல்லை.

"சார், நாங்க சித்தெ உக்காந்திருக்கறமுங்க" என்றாள். சந்திரசேகர் புரிந்துகொண்டு, தான் மேலே போய்க் காத்திருப்பதாகச் சொல்லி நடந்துவிட்டார்.

பாதையோரம் ஒரு மரப்பெஞ்சு இருந்தது. ஆத்தாயி உட்கார்ந்தாள். ராசப்பன் நின்றுகொண்டே இருந்தார்.

"இத்தன தெரியுமா உங்களுக்கு?"

"தொழிலாச்சே."

"அத்தன வருசம் கேட்டனே. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு இப்படிச் சொன்னதுண்டா? அந்தாளு கேக்காமயே அவருக்குச் சொல்றீங்க. எனக்குன்னா கல்லும் மண்ணுந்தான்."

அப்போதுதான் அந்த வார்த்தை யாருடையது என்று ராசப்பனுக்கு உறைத்தது. போனில் கேட்டபோது சுருக்கென்று குத்தியது ஏன் என்றும் விளங்கியது. பெஞ்சின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"சமையக்கட்டுல ஒரு காலண்டர் மாட்டியிருந்தனே, நெனவிருக்குதுங்களா?" என்றாள் ஆத்தாயி. "ஜகதல்பூர்ல டீசல் கடையில குடுத்தாங்கன்னு கொண்டாந்தீங்க. பெரிய அருவி போட்டது. ஆறு முழு அகலத்துக்கும் ஒடஞ்சு உழுகறாப்பல. இது எங்கீங்கன்னு கேட்டேன். நாங்க இருக்கற பக்கந்தான்னீங்க."

"ஆமா."

"வருசம் முடிஞ்சும் அதக் கழட்டல நானு. தேதியக் கிழிச்சுப்போட்டுப் படத்த மட்டும் வச்சிருந்தேன். அதுக்கு முன்னால நின்னுதான் அத்தன வருசம் தோச ஊத்துனேன். இந்நேரம் அவரு அங்க நிப்பாரு, சாரல் மூஞ்சில அடிக்கும்னு நெனப்பேன். உங்க மேல எனக்கு அப்படி வயிறெரியுமுங்க. ஊருசனம் உங்களக் காணாம நான் வாடறதா நெனச்சுச்சு. நான் வாடல. எரிஞ்சேன். நீங்க ஒலகமெல்லாம் பாத்துட்டு வந்து, எனக்கு ஒரு வாய் வார்த்தை குடுக்காம எல்லாத்தையும் உள்ளயே வச்சுக்கறீங்கன்னு."

கிளிகள் ஒரு கூட்டம் கத்திக்கொண்டு பள்ளத்தைத் தாண்டிப் போயின. வெள்ளைக் கிளிகள்தான், மஞ்சுளா சொன்னது சரி.

"அதனாலதான் இங்கயே இருந்துக்கலாம்னு நெனச்சேன்" என்றாள் ஆத்தாயி. "நீங்க உங்க பங்குக்குப் பாத்தாச்சு. நானும் பாக்கறேன்னுட்டு."

ராசப்பன் தன் கைகளைப் பார்த்தார். பொய் சொல்லிவிடலாம். அருவி இப்படி இருந்தது, அப்படி இருந்தது என்று இப்போது அளந்துவிட்டால், முப்பத்தோரு வருஷக் கடன் தீர்ந்ததுபோல் ஆகிவிடும். அவள் சந்தோஷப்படுவாள். ஆனால் அறிந்தே அவளிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"நான் அந்த அருவியப் பாத்ததில்ல ஆத்தாயி."

அவள் திரும்பினாள். "பொய் பேசாதீங்க."

"சாமி சத்தியமா. அங்க நாங்க தங்கியிருந்த கொட்டாயில இருந்து நாப்பது கிலோமீட்டர். ஒம்போது வருசம் அந்த ரோட்டுல போயிட்டு வந்தேன். போர்டு கூட இருக்கும். லீவுநாளுல பிட்டு மாத்துவோம், துணி தொவைப்போம், படுத்துத் தூங்குவோம். போலாம்னு ஒருத்தனும் சொல்லல. எனக்கும் தோணல." "உங்கிட்ட நான் ஒளிக்கல. நெசமாலுமே நான் பாத்தது கல்லும் மண்ணுந்தான். அதுகூட கல்லு இல்ல, கல்லுப்பொடி."

ஆத்தாயி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் பொய் சொன்னால் இடது கண் சுருங்கும், அது அவளுக்குத் தெரியும். கண் சுருங்கவில்லை.

"ஒன்னுமே பாக்கலீங்களா?"

"இல்ல."

"நாந்தேடு? ராய்ச்சூர்ல என்னமோ கோட்டை இருக்குதுன்னு சொல்வாங்களே?"

"இல்ல புள்ள."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் புடவைத் தலைப்பை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். "அடக் கடவுளே. இல்லாத ஒன்னுக்கா இத்தன வருசம் வயிறெரிஞ்சேன்?"

ராசப்பனுக்கும் சொல்ல ஆசையாக இருந்தது, தானும் இத்தனை நாள் அதைத்தான் செய்ததாக. ஆத்தூர்க்காரர் விஷயத்தை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

மேலே வேலிக்கம்பியோரம் சந்திரசேகர் நோட்டில் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். ஆத்தாயி பையில் இருந்து போனை எடுத்தாள். மகளைக் கூப்பிட்டாள். ராசப்பன் பள்ளத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மது, கண்ணு, டிக்கெட்ட மாத்த வேண்டாம். நானும் வாரேன். கொழந்தைக்கு ஆளு பாக்கலாம் சாமி, நான் பேசறேன். இல்ல இல்ல, சண்டையெல்லாம் இல்ல." கணவர் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஊருக்குப் போனதும் ஜகதல்பூருக்கு ரயிலு ஏறோணும். பாவம் சாமி, உங்கப்பன் ஒன்னுமே பாக்கலியாமா."